குரூப் 4: பழைய வினாத்தாள்களை வைத்துப் படிப்பைத் திட்டமிடுவது எப்படி

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டி.என்.பி.எஸ்.சி.) நடத்தும் குரூப் 4 தேர்வை 2022-ல் முதல் தடவை எழுதத் தயாரானபோது, ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஆரம்பித்தேன். தேர்வுக்கு முந்தைய வாரம் ஒன்பதாம் வகுப்பில் நின்றுகொண்டிருந்தேன். கணக்கைத் தொடவே இல்லை. 2024-ல் அதற்கு நேர் எதிராகப் போனேன். பழைய வினாக்களை ஆயிரக்கணக்கில் தொகுத்த தடிமனான புத்தகம் ஒன்றை வாங்கி, விடைகளை நெட்டுரு போட்டேன். தேர்வில் அதே கேள்வி அதே வடிவத்தில் வந்தது விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

மூன்றாவது முறைதான் உறைத்தது. எதை எவ்வளவு ஆழமாகப் படிப்பது, எதைத் துணிந்து விடுவது என்று முடிவெடுக்கத்தான் பழைய தாள்கள் வேண்டும். 2025 தேர்வில் தரவரிசையில் இடம் கிடைத்தது. இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். முதல் இரண்டு தடவையில் நான் வீணாக்கிய மாதங்களை நீங்களும் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. முதலில் பாடத்திட்டத்தை அச்செடுங்கள், பழையதை அல்ல

தேர்வாணையம் 2024 டிசம்பரில் புதிய பாடத்திட்டத்தை வெளியிட்டது. வாட்ஸ்அப் குழுக்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இன்னமும் பழையது சுற்றிக்கொண்டிருக்கிறது. கண்டுபிடிப்பது எளிது. புதியதில் ஒவ்வோர் அலகுக்கும் எத்தனை வினா என்று எண்ணிக்கை அச்சாகியிருக்கும்.

பொதுத்தமிழில் இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளுதல் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15. மொத்தம் 100. பொது அறிவில் அறிவியல் 5, புவியியல் 5, இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, ஆட்சியியல் 15, பொருளாதாரமும் தமிழ்நாட்டு வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழ்நாட்டு வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. ஆக 75. மீதி 25 திறனறிவு: கணக்கு 15, காரணவியல் 10. மொத்தம் 200 வினா, ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண், 300-க்குத் தேர்வு. தமிழ்ப் பகுதியில் 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

எண்ணிக்கை அச்சிலேயே இருக்கும்போது பழைய தாள் எதற்கு என்று கேட்கலாம். பொருளாதார அலகில் 20 வினா என்பது சரி. அந்த இருபதும் ஐந்தாண்டுத் திட்டங்களில் இருந்து வருமா, வரிகளில் இருந்தா, மாநில அரசின் நலத்திட்டங்களில் இருந்தா? அதைப் பாடத்திட்டம் சொல்லாது. தாள்தான் சொல்லும்.

2. எல்லாத் தாளையும் அள்ளாதீர்கள்

தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இருக்கிறதே என்று பத்து, பதினைந்து வருடத்துத் தாள்களை இறக்கிவிடுவோம். நானும் இறக்கினேன். அப்புறம் எதையும் முழுதாகப் பார்க்கவில்லை. நான் இன்று ஆரம்பித்தால் எடுப்பது இவ்வளவுதான்:

2025 ஜூலை 12 குரூப் 4 தாள். புதிய பாடத்திட்டத்தில் நடந்த முதல் குரூப் 4 அதுதான். வரிக்கு வரி வேண்டும்.

2025 செப்டம்பர் 28-ல் நடந்த குரூப் 2 முதல்நிலைத் தாள். பொதுத்தமிழுக்கும் திறனறிவுக்கும் நல்ல பயிற்சி. பொது அறிவுப் பகுதி பட்டப்படிப்புத் தரத்தில் இருக்கும் என்பதால், அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

2024 ஜூன் 9 குரூப் 4. பொது அறிவும் திறனறிவும் முழுவதும். தமிழில் இலக்கண வினாக்கள் மட்டும்.

2022 ஜூலை 24 குரூப் 4. இதை அச்செடுத்து, பார்க்காமல் உறையில் போட்டு வைத்துவிடுங்கள். கடைசி மாதத்துக்கு வேண்டும்.

2019 செப்டம்பர், 2018 பிப்ரவரித் தாள்கள். திறனறிவும் ஆட்சியியலும் மட்டும்.

அதற்கு முந்தையவற்றை நான் விட்டுவிடுவேன். காரணம் பாடநூல். 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் முழுவதும் மாறின. அதற்கு முன் நடந்த தேர்வுகளின் தமிழ், வரலாற்று வினாக்கள் பழைய புத்தக வரிகளில் இருந்து வந்தவை. இப்போதைய புத்தகத்தில் தேடினால் பல வரிகள் கிடைக்காது, தேடித் தேடியே மாலை போய்விடும்.

இன்னொரு பொறி தமிழ்ப் பகுதியில் இருக்கிறது. பழைய பாடத்திட்டத்தில் இலக்கியத்துக்கும் தமிழறிஞர்களுக்கும் இருந்த இடம் மிகப் பெரியது. நூல், நூலாசிரியர், அடைமொழி என்று அடுக்கடுக்காக வரும். இப்போது அது மொத்தமே 15 வினா. பழைய தாளை மட்டும் பார்த்து எடை போட்டால் புலவர்களின் ஊர் பேர் எல்லாம் மனப்பாடமாகியிருக்கும், கலைச்சொல்லும் வாசிப்புப் பத்தியும் கைவிட்டுப் போயிருக்கும்.

செலவு: நான் அச்செடுத்து ஸ்பைரல் போட்டதற்கு 700 ரூபாய்க்குள்தான் ஆனது. பாடநூல்கள் பிடிஎஃப் வடிவில் இலவசம். 2024-ல் அந்தத் தொகுப்புப் புத்தகத்துக்கும் ஒரு டெஸ்ட் பேட்ச்சுக்கும் நான் கொடுத்த பணத்தை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

3. விடைக்குறிப்பு இறுதியானதுதானா என்று பாருங்கள்

தேர்வு முடிந்த சில நாட்களில் உத்தேச விடைக்குறிப்பு வரும். தேர்வர்கள் ஆதாரத்துடன் மறுப்புத் தெரிவிக்க ஏழு நாள் அவகாசம் உண்டு. நிபுணர்கள் பார்த்த பிறகு இறுதி விடைக்குறிப்பு. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும். சில வினாக்களுக்கு விடை மாறும், சிலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடை ஏற்கப்படும். கடையில் விற்கும் தொகுப்புகள் அவசரத்தில் அச்சானவை, உத்தேச விடையோடு நின்றுவிடுவதும் உண்டு. நான் சேர்ந்திருந்த பயிற்சி மையம் கொடுத்த தாளில் அப்படித் தப்பாக இருந்த விடைகளைத்தான் 2024-ல் சிரத்தையாக மனப்பாடம் செய்திருந்தேன்.

இன்னொன்று. விடைக்குறிப்புக் கோப்புகளில் வினாவும் இருக்கும், சரியான விடையில் டிக் குறியும் இருக்கும். அதைப் படிக்க உட்கார்ந்தால் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். 'ஆமா, இது எனக்குத் தெரியும்' என்று மண்டையை ஆட்டிக்கொண்டே நாற்பது பக்கம் தள்ளிவிடலாம். பயிற்சிக்கு டிக் இல்லாத வினாத்தாளை மட்டும் எடுங்கள். வினா வரிசை இரண்டிலும் வேறு வேறாக இருக்கலாம், திருத்தும்போது எண்ணை நம்பாமல் வினாவைப் படித்துச் சரிபாருங்கள்.

4. எதையும் படிப்பதற்கு முன் ஒரு தாளை எழுதுங்கள்

2025 தாளை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9.30-க்கு உட்காருங்கள். 12.30-க்கு எழுந்திருங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள். ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ஒரு குறி: உறுதியாகத் தெரிந்தால் ஒரு கோடு, இரண்டில் ஒன்று என்று ஊகித்தால் வட்டம், குருட்டாம்போக்கில் போட்டால் பெருக்கல் குறி.

இந்த மூன்று குறிதான் முக்கியம், மொத்த மதிப்பெண்ணைப் பிறகு பார்க்கலாம். 2024 தாளை வீட்டில் மறுபடி எழுதியபோது எனக்கு 118 சரி. கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. குறிகளை எண்ணினால் அதில் 31 வட்டமும் பெருக்கலும். உண்மையில் தெரிந்தது 87. திட்டத்தை 87-ல் இருந்து போட வேண்டும், 118-ல் இருந்து அல்ல.

புத்தம் புதிய தாளை ஆரம்பத்திலேயே செலவழித்துவிடுவதா, கடைசியில் மாதிரித் தேர்வுக்கு வைத்துக்கொள்ளலாமே என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசி வாரத்தில் அந்தத் தாள் உங்கள் குறையைக் காட்டினால், அதைச் சரிசெய்ய நாள் இருக்காது.

5. பட்டியல் நோட்டு போடுங்கள்

மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. துணைக்கு ஆளில்லாத வேலை, அலுப்பான வேலை. யாரோ போட்ட பட்டியல் இணையத்தில் கிடைக்கும், அதை எடுக்காதீர்கள். கையால் போடும்போதுதான் வினா கேட்பவரின் கை எங்கே போகிறது என்று பிடிபடும்.

நீளமான நோட்டு ஒன்றில் ஆறு கட்டம்: ஆண்டும் வினா எண்ணும், அலகு, உட்தலைப்பு, எந்த வகுப்பு எந்தப் பாடம், வினாவின் வகை (நேரடி, பொருத்துக, கூற்று-காரணம், காலவரிசை), என் குறி. நான்காவது கட்டம்தான் நேரத்தைத் தின்னும். பாடநூல் பிடிஎஃபில் அந்த வரியைத் தேடிப் பிடிக்க வேண்டும். எனக்கு ஒரு தாளுக்கு மாலை நேரங்களாக நான்கு நாள் ஆனது. கிடைக்கவே இல்லையென்றால் 'வெளி' என்று எழுதிவிட்டு நகருங்கள். ஒரு வினாவுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள்.

உட்தலைப்பைச் சின்னதாக எழுதுங்கள். 'ஆட்சியியல்' என்று எழுதினால் பிரயோசனமில்லை. 'உள்ளாட்சி: 73-வது திருத்தம்' என்று எழுதினால் அது திட்டம் போட உதவும்.

அடுத்து, ஒரு வினாவில் இருந்து நான்கு வினாவைக் கறக்கப் பழகுங்கள். 'அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணை எதைப் பற்றியது?' என்று ஒரு வினா இருப்பதாக வைத்துக்கொள்வோம். விடைகள்: மொழிகள், கட்சித் தாவல், ஊராட்சி, நகராட்சி. 'ஊராட்சி' என்று டிக் போட்டுவிட்டுப் போனால் கிடைத்தது ஒரு வரி. தப்பான மூன்றையும் பிடித்து இழுங்கள். எட்டாவது அட்டவணை மொழிகள், இப்போது 22. பத்தாவது கட்சித் தாவல், 1985-ன் 52-வது திருத்தம். பதினோராவது ஊராட்சி, 29 பொருள்கள், 73-வது திருத்தம். பன்னிரண்டாவது நகராட்சி, 18 பொருள்கள், 74-வது திருத்தம். அடுத்த தேர்வில் இந்தத் தப்பான விடைகளில் ஒன்று வினாவாக மாறி வரும். அதே வினா திரும்புவதை விட இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். மனப்பாடப் புத்தகத்தில் நான் கோட்டை விட்டது இதைத்தான்.

திறனறிவில் கதை வேறு. அங்கே எண் மட்டும் மாறி அதே கணக்கு திரும்பத் திரும்ப வரும். இரண்டு ஆண்டுகளுக்கான கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசம் என்ற கணக்கை எடுங்கள். அசல் 5000, வட்டி 10 சதவீதம். நீளமாகப் போட்டால் இரண்டு நிமிடம். வட்டி வீதத்தை நூறால் வகுத்து, வர்க்கமாக்கி, அசலால் பெருக்கினால் 50 ரூபாய், பத்து விநாடி. ஆண்டு மூன்று என்றால் இந்தச் சூத்திரம் செல்லாது, அதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். மீ.பெ.வ., மீ.சி.ம., விழுக்காடு, விகிதம், காலமும் வேலையும், பரப்பளவு, எண் வரிசை, பகடை. ஒவ்வொரு வகைக்கும் பழைய தாள்களில் இருந்து ஐந்து கணக்கை வெட்டி ஒட்டினால் அதுவே உங்கள் கணக்குப் புத்தகம். 2018, 2019 தாள்கள் இங்கேதான் கைகொடுக்கும்.

6. பழைய தாளில் செத்துப்போன கேள்விகளை அடித்துவிடுங்கள்

நடப்பு நிகழ்வு வினாக்களைப் பார்க்கவே வேண்டாம். அந்த வருட விருது, அந்த வருட மாநாடு எல்லாம் காலாவதி.

ஆபத்தானவை வேறு. விடை அன்று சரியாக இருந்து, இன்று தப்பாகிவிட்டவை. 2018 தேர்வு நடந்தபோது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இப்போது 38. அப்போது 29 மாநிலங்கள், 7 ஒன்றியப் பிரதேசங்கள். இப்போது 28-ம் 8-ம். அரசு நலத்திட்டங்களின் பெயர், உதவித்தொகை, தகுதி எல்லாமே மாறக்கூடியவை. பட்டியலில் எண் வருகிற ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் 'இன்று?' என்று எழுதி, அரசின் கொள்கை விளக்கக் குறிப்பிலோ துறையின் இணையதளத்திலோ சரிபாருங்கள்.

7. பட்டியலை நாட்காட்டியாக்குங்கள்

அறிவிப்பு வரட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்காதீர்கள். 2024-ல் ஜனவரி 30 அறிவிப்பு, ஜூன் 9 தேர்வு. நான்கு மாதத்துக்கு மேல் கிடைத்தது. 2025-ல் ஏப்ரல் 25 அறிவிப்பு, ஜூலை 12 தேர்வு. 78 நாள்தான். ஆண்டுத் திட்டத்தில் தேர்வாணையம் உத்தேச மாதத்தை முன்கூட்டியே சொல்லிவிடும், அதை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவருக்கு ஆறு மாதம் வேண்டும் என்பது என் கணக்கு.

முதல் மூன்று வாரம் தாள் எழுதுவதும் பட்டியல் போடுவதும் மட்டும். இந்த வாரங்களில் 'இன்னும் படிக்கவே ஆரம்பிக்கலையே' என்று வயிற்றைக் கலக்கும். கூடப் படிப்பவர்கள் மூன்றாவது புத்தகத்தில் இருப்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நான்கு மாதம் தினமும் தமிழும் கணக்கும். கணக்கு 45 நிமிடம், ஒரு நாளும் விடாமல். மீதி நேரம் பொது அறிவுக்கு. வரிசை நான் வைத்தது: ஆட்சியியல், தமிழ்நாட்டு வரலாறும் பண்பாடும், பொருளாதாரம், அப்புறம் இந்திய வரலாறு. ஆட்சியியலை முதலில் வைத்ததற்குக் காரணம், பாடப்பரப்பு சின்னது, வினா 15. படித்த மணிக்குக் கிடைக்கிற மதிப்பெண் அங்கே அதிகம்.

அறிவியலையும் புவியியலையும் கடைசியில் வையுங்கள். ஆறாம் வகுப்பில் இருந்து பத்தாம் வகுப்பு வரையான அறிவியல் புத்தகங்களை அடுக்கினால் ஒரு முழம் இருக்கும், கிடைப்பது 5 வினா. 2022-ல் இயற்பியல் பாடங்களுக்கு மட்டும் ஒரு மாதம் கொடுத்தேன். பட்டியலில் வந்த உட்தலைப்புகளை மட்டும் படித்துவிட்டு மற்றதை விடுங்கள். மனசு கேட்காது, ஆனாலும் விடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பட்டியல் நோட்டைத் திறந்து, வட்டமும் பெருக்கலும் போட்ட வினாக்களை மட்டும் மீண்டும் போடுங்கள். தேதியைக் குறியுங்கள். மூன்று தடவை கோடு விழுந்த வினாவை அடித்துவிடலாம்.

8. கடைசி மூன்று வாரம்: உறையைப் பிரியுங்கள்

2022 தாளை இப்போது எடுங்கள். விடைக்கான வட்டங்களை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாள் ஸ்டேஷனரிக் கடையில் கட்டாகக் கிடைக்கும். கருப்பு மை பந்துமுனைப் பேனாவால் நிரப்பிப் பழகுங்கள். 180 நிமிடத்தில் 200 வினா, ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. வீட்டில் விடையை நோட்டில் எழுதிப் பழகியவர்கள் வட்டத்தை நிரப்பும் நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு 2022 தேர்வில் கடைசிப் பன்னிரண்டு வினா அப்படித்தான் போனது, படித்துப் பார்க்காமலே நிரப்பினேன்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஐந்தாவதாக உள்ள 'விடை தெரியவில்லை' வட்டத்தை நிரப்புவதை விட, நான்கில் ஒன்றை ஊகிப்பது மேல். எந்த வட்டத்தையும் நிரப்பாமல் மட்டும் விடாதீர்கள், அதற்குத் தண்டனை உண்டு. பொது அறிவு, திறனறிவு வினாக்கள் இரு மொழியிலும் இருக்கும். தமிழ் வாக்கியம் குழப்பினால் ஆங்கில வடிவத்தைப் பாருங்கள். ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே முடிவானது என்று வினாத்தொகுப்பிலேயே போட்டிருக்கும்.

9. படிப்புக்கு நடுவே காகிதங்கள்

தேர்வாணையத்தின் இணையதளத்தில் செய்யும் ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும். தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தேர்வுக் கட்டணம் இல்லை. பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மூன்று தடவை சலுகை. எத்தனை முறை பயன்படுத்தினீர்கள் என்று எழுதி வையுங்கள். குரூப் 2, குரூப் 4 எல்லாம் சேர்த்துத்தான் அந்த மூன்று, நாலாவது தடவை மறந்துபோய்ச் சலுகை கேட்டு விண்ணப்பித்துச் சிக்கியவர்கள் உண்டு.

ஒன்று முதல் பத்து வரை தமிழ் வழியில் படித்திருந்தால் 20 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். நான் மூன்று பள்ளியில் படித்தவன். இரண்டு ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டன. மூன்றாவதுக்கு மே மாதம் போனேன். பள்ளி பூட்டியிருந்தது, தலைமையாசிரியர் ஜூனில்தான் வருவார் என்றார் காவலாளி. பட்டியல் நோட்டு போடும் அந்த மூன்று வாரத்திலேயே இதையும் முடித்துவிடுங்கள்.